ஜாம் தேர்வும் சம்பா அறுவடையும்

வாசகி கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மன்னார்குடியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டுக்கு இப்போது போகிறேன். ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். இதுவரை அரியர் இல்லை, 80 சதவீதத்துக்குக் குறையாமல் மார்க் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை. பழைய கேள்வித்தாளை இறக்கிப் பார்த்தேன், 60 கேள்வியில் நாலு கேள்விக்குக்கூட விடை தெரியவில்லை. திருச்சியில் கோச்சிங் சேரலாம் என்றால் அந்தக் கட்டணம் அப்பாவுக்கு ஒரு போகத்து வருமானம். அப்பா, ‘பி.எட். முடி, அது போதும்’ என்கிறார். கோச்சிங் இல்லாமல் முடியுமா? இல்லை, டிகிரி முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்து படித்துவிட்டு எழுதட்டுமா?

அன்புள்ள மகளுக்கு,

கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வயதுதான் உனக்கும், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கோச்சிங் இல்லாமல் முடியும். ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுது. இறுதியாண்டு மாணவர்கள் எழுதலாம், வயது வரம்பும் கிடையாது. இந்த முறை கிடைக்காவிட்டால் அடுத்த முறையும் எழுத ஒரு தடையும் இல்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

‘நாலு கேள்விக்குக்கூட விடை தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அந்த வரியில்தான் பேச்சு இருக்கிறது. 80 சதவீதம் வாங்குகிற பெண்ணுக்கு ஏன் தெரியவில்லை? கணக்கு வராததால் இல்லை. ‘இந்தத் தேற்றத்தைக் கூறி நிறுவுக’ என்று செமஸ்டர் தேர்வு கேட்கும், நீ எழுதிவிடுவாய். ஜாம் உன்னைத் தேற்றத்தை ஒப்பிக்கச் சொல்லாது. அதிலிருந்து ஒரு நிபந்தனையைச் சத்தமில்லாமல் உருவிவிட்டு, ‘இப்போதும் இது உண்மையா?’ என்று கேட்கும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நானே போட்டது, ஆனால் தேர்வில் வருகிற ஜாடைதான். ஒரு சீக்வென்ஸில், அதாவது முடிவில்லாமல் போகும் எண்வரிசையில், அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. கீழே உள்ளவற்றில் எவையெல்லாம் சரி?

அ) அந்த சீக்வென்ஸ் கன்வெர்ஜ் ஆகும், அதாவது ஓர் எண்ணை நெருங்கிப் போய் நிற்கும்.
ஆ) அது பவுண்டடாக, அதாவது ஓர் எல்லைக்குள்ளேயே, இருந்தால் கன்வெர்ஜ் ஆகும்.
இ) அதன் இரட்டைப்படை இடத்து உறுப்புகள் மட்டும் கன்வெர்ஜ் ஆனாலே, முழு சீக்வென்ஸும் கன்வெர்ஜ் ஆகும்.
ஈ) அது பவுண்டடாகவும் ஏறுமுகமாகவும் இருந்தால் கன்வெர்ஜ் ஆகும்.

காஷி சீக்வென்ஸை (போகப் போக எந்த இரண்டு உறுப்பும் நெருங்கிவிடும் வரிசை) மனப்பாடமாகப் படித்த பிள்ளை ‘அ’வைப் பார்த்ததும் டிக் போட்டுவிடும். பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் நெருங்கிக்கொண்டே வருகின்றன, அப்புறம் என்ன என்று தோன்றும். இப்போது 1, √2, √3, √4 என்று எழுதிக்கொண்டே போ. 10,000-ஆவது உறுப்பு 100. அதற்கு அடுத்தது ஏறக்குறைய 100.005. வித்தியாசம் தேய்ந்துகொண்டே போகிறது, சீக்வென்ஸோ எல்லையில்லாமல் ஏறுகிறது. ‘அ’ விழுந்தது. சரி, பவுண்டட் என்று வேலி போட்டுப் பார்ப்போம். அதே வர்க்கமூலங்களுக்கு சைன் எடு. மைனஸ் 1-க்கும் 1-க்கும் நடுவிலேயே கிடக்கும், வித்தியாசமும் பூஜ்யத்துக்குப் போகும், ஆனால் மெள்ள மெள்ள மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், ஓரிடத்திலும் நிற்காது. ‘ஆ’வும் விழுந்தது. ‘இ’ சரி. இரட்டைப்படை இடத்தில் உள்ளவை ஓர் எண்ணில் போய் நிற்கின்றன என்றால், ஒற்றைப்படை இடத்தில் உள்ள ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு அங்கேதான் வந்தாக வேண்டும். ‘ஈ’ உனக்கு ஏற்கெனவே தெரிந்தது, அதற்கு வித்தியாசம் பற்றிய நிபந்தனையே தேவையில்லை. ஆக, விடை இ, ஈ இரண்டும். ‘ஈ’ மட்டும் போட்டால் பாதி மார்க் வராது, பூஜ்யம்தான்.

ஒரு கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுத்தேன் என்றால், உன் தயாரிப்பு முழுவதும் இந்த ஒரு வேலைதான் என்பதால். அப்பாவை வயலில் பார்த்திருப்பாய். எந்த வரப்பில் மண் இளகியிருக்கிறது, எங்கே வெட்டினால் தண்ணீர் யார் வயலுக்கு ஓடும் என்று அவருக்குத் தெரியும். வெட்டியும் அடைத்தும் பழகியதால் தெரியும். தேற்றத்தில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு வரப்பு. அதை வெட்டிப் பார், எது ஓடிப்போகிறது என்று கவனி.

சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாணவி என் வீட்டுக்கு வந்து படித்தாள். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் உச்ச மதிப்பை எட்டும் என்ற தேற்றத்தை மூச்சுவிடாமல் சொல்வாள். “‘மூடிய’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடு. என்ன ஆகும்?” என்றேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்திருந்தாள். என் மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டி ஆறிப்போனது. பிறகு சட்டென்று குனிந்து, 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு வளைவு வரைந்தாள். ஒன்றை எக்ஸால் வகுத்தால் வருகிற வளைவு. “சார், இது பூஜ்யத்துக்குக் கிட்டப் போகப் போக மேலே போயிக்கிட்டே இருக்கே, உச்சின்னு ஒண்ணு இல்லையே!” என்றாள். அதுவரை விடையைச் சொல்லிவிடாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நான் அவளுக்குச் செய்த உதவி. நீ தனியாகப் படிக்கும்போது அந்தப் பொறுமையை நீயே உனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். 20 நிமிஷம் திணறாமல் விடைப் பக்கத்தைத் திருப்பாதே.

இதற்கென்று ஒரு நோட்டுப் போடு. இடப்பக்கம் தேற்றம், வலப்பக்கம் ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்துவிட்டால் உடைகிற உதாரணம். இரண்டு முனையிலும் ஒரே மதிப்பு என்றால் நடுவில் எங்காவது டெரிவேட்டிவ் (வளைவின் சாய்வு) பூஜ்யம் ஆகும் என்பது ரோல் தேற்றம். அதில் டெரிவேட்டிவ் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்பதை எடுத்துவிட்டால், மைனஸ் 1 முதல் 1 வரை மாடுலஸ் சார்பை வரை. இரண்டு முனையிலும் மதிப்பு 1, ஆனால் நடுவில் எங்கேயும் டெரிவேட்டிவ் பூஜ்யம் ஆகவில்லை, 0-வில் கூர்முனை இருப்பதால். லீனியர் அல்ஜீப்ராவில், வலது மேல் மூலையில் ஒரே ஒரு 1, மற்றதெல்லாம் 0 என்று ஒரு இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸ் எழுதி வைத்துக்கொள். ஐகன் மதிப்பு இரண்டும் பூஜ்யம், ஆனால் அது பூஜ்ய மேட்ரிக்ஸ் இல்லை, டயகனலாக மாற்றவும் முடியாது. இந்தச் சின்ன மேட்ரிக்ஸ் ஒன்று எத்தனை பொய்யான வாக்கியங்களைச் சாய்க்கும் என்று பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

குரூப் தியரிக்கும் இதே வழிதான். ஆர்டர் (உறுப்புகளின் எண்ணிக்கை) 1 முதல் 8 வரை, ஐசோமார்ஃபிக் ஆனவற்றை, அதாவது ஒரே அமைப்பு உள்ளவற்றை, ஒன்றாக எண்ணினால், மொத்தம் 14 குரூப்கள்தான் இருக்கின்றன. அதில் 5 ஆர்டர் 8. பதினான்கையும் கையால் எழுது. எது அபீலியன், எது சைக்ளிக், ஒவ்வொரு உறுப்பின் ஆர்டர் என்ன, சப்குரூப்கள் எவை என்று முழுசாக. இதோடு ஆர்டர் 12 உள்ள ஆல்டர்னேட்டிங் குரூப் ஒன்றைச் சேர்த்துக்கொள். 6 என்பது 12-ஐ வகுக்கும், ஆனால் அந்த குரூப்பில் ஆர்டர் 6 உள்ள சப்குரூப் கிடையாது. சப்குரூப்பின் ஆர்டர் குரூப்பின் ஆர்டரை வகுக்கும் என்ற லக்ராஞ்ச் தேற்றத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்கும்போது உன் கையில் இருக்க வேண்டியது இதுதான். மற்றப் பாடங்களை விட ரியல் அனாலிசிஸுக்கும் லீனியர் அல்ஜீப்ராவுக்கும் நேரத்தை அதிகமாகக் கொடு. பல மாறிகள் வரும் கால்குலஸும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் கைப்பழக்கம், தினம் இரண்டு கணக்கு போட்டால் தானாக வந்துவிடும்.

தமிழ் மீடியம் என்று எழுதியிருக்கிறாய், அதை ஒரு குறை மாதிரி. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான், உண்மை. ஆனால் கணக்குத்தாளில் உனக்குத் தேவைப்படும் ஆங்கிலம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அட் லீஸ்ட், அட் மோஸ்ட், இஃப் அண்ட் ஒன்லி இஃப், ஃபார் எவ்ரி, தேர் எக்ஸிஸ்ட்ஸ், நாட் நெசஸரிலி. எழுதிச் சுவரில் ஒட்டு. கஷ்டம் இந்தச் சொற்களின் பொருளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அது ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கும் அதே கஷ்டம்தான். ‘ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் கொண்டுவர ஒரு வாய்க்கால் உண்டு’ என்று சொல். அடுத்து, ‘ஒரு வாய்க்கால் உண்டு, அது ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் கொண்டுவரும்’ என்று சொல். முதலாவதில் வயலுக்கு வயல் வாய்க்கால் மாறலாம். இரண்டாவதில் எல்லா வயலுக்கும் ஒரே வாய்க்கால். கன்டினியூவிட்டிக்கும் யூனிஃபார்ம் கன்டினியூவிட்டிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். முதலாவதில் டெல்டா, அதாவது எவ்வளவு நெருங்கினால் போதும் என்ற அளவு, புள்ளிக்குப் புள்ளி மாறலாம், இரண்டாவதில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா. தமிழில் யோசித்துப் புரிந்துகொள், ஆங்கிலத்தில் விடையைக் குறி. அதில் ஒரு தவறும் இல்லை.

தேர்வு அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், கம்ப்யூட்டரில். ஒரே விடை உள்ள கேள்வி 30, அதில் 10-க்கு ஒரு மார்க், 20-க்கு இரண்டு மார்க். இந்தப் பகுதியில் மட்டும் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒன்றுக்கு மேல் விடை இருக்கக்கூடிய கேள்வி 10, தலா இரண்டு மார்க். எண்ணாக விடையைத் தட்ட வேண்டியவை 20. பின்னிரண்டு பகுதியிலும் மைனஸ் மார்க் இல்லை. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நான்கில் ஒன்று நிச்சயம் தவறு என்று தெரிந்துவிட்டால் மிச்ச மூன்றில் துணிந்து போடலாம், கணக்கு உன் பக்கம் சாயும். கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, திரையிலேயே ஒன்று இருக்கும், மவுஸால் தட்ட வேண்டும். மொபைலிலேயே படிக்கிற பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கல்லூரி லேபில் அனுமதி வாங்கி, ஜாம் இணையதளத்தில் உள்ள மாதிரித் தேர்வை இரண்டு மூன்று முறையாவது மவுஸ் பிடித்து எழுதிப் பழகு.

இனி காலக்கணக்கு. நம் ஊரில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கோச்சிங் மையங்கள் தரும் அட்டவணை மாதத்தை மாதமாக மட்டும் பார்க்கும். காவிரி டெல்டாவில் ஒரு மாதம் இன்னொரு மாதம் மாதிரி இருப்பதில்லை. ஜாம் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு வாக்கில் வரும். அப்போது உன் வீட்டில் சம்பா அறுவடை. அறுவடை மிஷின் வரும், நெல்லைக் காயப்போட வேண்டும், பனி இறங்குவதற்குள் படுதா போட்டு மூட வேண்டும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்று வீடே களத்தில் நிற்கும். அந்த நேரத்தில் போய், ‘நான் படிக்கணும், என்னைக் கூப்பிடாதீங்க’ என்று சொன்னால் உனக்கே மனசு வராது. அதனால் இப்போதே சொல்லிவை. பொங்கல் முடிந்ததிலிருந்து தேர்வு வரைக்கும் களத்து வேலைக்கு என்னை எண்ண வேண்டாம், அதற்குப் பதிலாக நடவு நேரத்திலும் மற்ற நாட்களிலும் கூட நிற்கிறேன் என்று. முன்கூட்டிச் சொன்னால் நம் வீடுகளில் கேட்பார்கள்.

அதற்கு முன் மழை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை கரண்ட்டையும் சிக்னலையும் நம்ப முடியாது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை வாரம் இருட்டு என்று உனக்கு நினைவிருக்கும். நவம்பரில் செமஸ்டரும் வந்துவிடும். எனவே புதிதாகக் கற்றுக்கொள்வதெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐத் தொடக்கமாக வைத்துக்கொள்ளேன். இணையத்தில் உள்ள என்.பி.டெல். (NPTEL) வீடியோ பாடங்கள் இலவசம், ஐ.ஐ.டி. பேராசிரியர்களே நடத்துவது. வேண்டியதை மழைக்கு முன்பே இறக்கி வைத்துவிடு. பழைய கேள்வித்தாள்கள் விடைக்குறிப்போடு ஜாம் தளத்தில் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் பத்து வருஷத் தாளையும் எடுத்துக் கட்டி வை. அதில் கடைசி மூன்றைத் தொடாதே. ஜனவரியில் கடிகாரம் வைத்து, ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் எழுத அவை வேண்டும். மற்ற ஏழையும் பாடவாரியாகப் பிரித்துப் போடு. தவறான ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், தெரியவில்லையா, தெரிந்தும் கூட்டல் தப்பியதா, கேள்வியைத் தவறாகப் படித்தாயா என்று எழுதிவை. மூன்றாவது வகைதான் உனக்கு முதலில் அதிகமாக இருக்கும், சீக்கிரம் குறைவதும் அதுதான்.

செமஸ்டரை மட்டும் கைவிட்டுவிடாதே. ராமானுஜன் 1904-இல் எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்தார். அவருடைய பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிகிரி உரிய காலத்தில் முடியாவிட்டால் ஜாம் ரேங்க் கையில் இருந்தும் சேர முடியாது.

சான்றிதழ் விஷயம் ஒன்று. நன்றாக எழுதிய ஒரு பையன் இதில் தவறவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். உன்னிடம் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே போதாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால், வட்டாட்சியரிடமிருந்து மத்திய அரசுப் படிவத்தில் ‘நான்-க்ரீமி லேயர்’ சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். 8 லட்சம் வருமான வரம்பைப் பார்த்துப் பயப்படாதே, சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. அறிவிப்பில் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்று போட்டிருப்பார்கள், பார்த்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு. தேர்வு விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும், பெண்களுக்குக் கட்டணம் ஏறக்குறைய பாதி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்றால் இரண்டு மாதப் பணத்தை இப்போதே ஒதுக்கி வை. தேர்வு முடிவு வந்ததும் சீட் தானாக வந்துவிடாது. ஐ.ஐ.டி.களுக்கு அட்மிஷன் தளத்தில் தனி விண்ணப்பம், திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு சி.சி.எம்.என். என்ற பொதுக் கவுன்சலிங்கில் தனிப் பதிவு, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு அங்கேயும் தனியாக.

ஜாமோடு நிறுத்திவிடாதே, சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வையும் எழுது. வழக்கமாக மார்ச்சில் வரும், 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். ஜாமுக்குப் படித்தவளுக்கு இது புதுப் பாடம் இல்லை, வேகம் மட்டும் கூட்ட வேண்டும். புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்களுக்கும், திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல். வெட்டாற்றங்கரையில், உன் ஊரிலிருந்து ரயிலேறினால் போய்விடுகிற தூரத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை இரண்டாம் பட்சமாக நினைக்காதே.

இனி அப்பா. அவர் பி.எட். என்பது உன்னைத் தடுப்பதற்காக இல்லை. மகளுக்கு ஒரு நிலையான வேலை, அது வாத்தியார் வேலை என்று அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்காதே. மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர் வேலைக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் இரண்டும் வேண்டும் என்று எடுத்துச் சொல். எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். படிக்கலாம், அவர் நினைக்கிற கதவு அடைபடவில்லை, இன்னும் அகலமாகத் திறக்கிறது. கோச்சிங்குக்குப் பணம் கேட்கப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல். அவர் கேட்காமலேயே கவலைப்பட்டுக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான். அப்படியும் தயங்கினால் ஒரு ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வா. நான் பேசுகிறேன்.

இந்த வாரம் நோட்டு வாங்கியதும் முதல் பக்கத்தில் இதை எழுது: எல்லாப் புள்ளியிலும் டெரிவேட்டிவ் இருக்கும், ஆனால் அந்த டெரிவேட்டிவ் ஓரிடத்தில் தொடர்ச்சியாக இருக்காது. அப்படி ஒரு சார்பு உண்டா? 0-வுக்குப் பக்கத்தில் சைனை வைத்து ஏதாவது செய்ய முடிகிறதா என்று பார். இணையத்தில் தேடாதே. இரண்டு நாள் ஆனாலும் சரி. கிடைத்ததும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, அடித்துத் திருத்திய கோடுகளோடு.